எண்கள் எல்லாம் சரி, மனம் மட்டும் ஒப்பவில்லை: இளம் தாதி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு பிரதேச வைத்தியசாலையில் நான் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். நியமனம் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. இரவில் நானும் ஒரு சிற்றூழியரும் மட்டுமே விடுதியில் இருப்போம். வைத்தியர் வளாகத்தில் உள்ள குவாட்டர்ஸில் இருப்பார். கடந்த மாரியில், நான்கு நாள் காய்ச்சலுடன் 64 வயதுக் கமக்காரர் ஒருவர் அனுமதிக்கப்பட்டார். பிறஷருக்குக் குளிசை எடுப்பவர். அன்று மாலை காய்ச்சல் விட்டுவிட்டதால் வீட்டாருக்கு மகிழ்ச்சி. இரவு பத்து மணிக்கு நாடித்துடிப்பு 84, குருதி அமுக்கம் 110/88, ஒட்சிசன் 98 வீதம். ஆனால் அவர் புரண்டு புரண்டு படுத்தார், தண்ணீர் கேட்டபடி இருந்தார், பாதங்கள் குளிர்ந்திருந்தன. "மிஸ்ஸி, இவர் இப்பிடிப் புறுபுறுக்கிற ஆள் இல்லை" என்று மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் ஏதோ சரியில்லை என்றே பட்டது. முந்திய வாரம் வேறொரு நோயாளிக்காக வைத்தியரை எழுப்பி, "எல்லாம் நோர்மல், பிறகு ஏன் கூப்பிட்டீர்கள்" என்று பேச்சு வாங்கியிருந்ததால் பொறுத்திருந்தேன். அதிகாலை நாலரைக்கு நாடி பிடிபடவில்லை. டெங்கு அதிர்ச்சி நிலை என்று பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். "அதெல்லாம் அனுபவத்தில்தான் வரும்" என்கிறார் மூத்த தாதி. மனதில் படுவது அறிவாகுமா? அதை வைத்தியரிடம் எப்படிச் சொல்வது? வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்பது நல்லதா?

பதில்:

அன்பான தங்கைக்கு,

உங்கள் மனதில் பட்டது அறிவுதான் என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். அது இன்னும் சொற்களாகவும் எண்களாகவும் பிரிக்கப்படாத அறிவு. அதைப் பிரித்தெடுக்கும் பயிற்சியை உங்களுக்கு யாரும் தரவில்லை. அன்றிரவின் எண்கள் சரியாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அவை சரியாக இருக்கவில்லை. எனவே அந்த எண்களையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

110/88 என்ற குருதி அமுக்கத்தில் மேலெண்ணை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 22. டெங்குவில் அந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கி, கைகால் குளிர்வது போன்ற குருதியோட்டக் குறைவின் அறிகுறிகளும் சேர்ந்தால் அதுவே அதிர்ச்சி நிலை என்று கொள்ளப்படுகிறது. உங்கள் நோயாளி பத்து மணிக்கே அதன் வாசலில் நின்றார். குருதிக் கலன்களிலிருந்து நீர்ப்பாயம் என்னும் குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியும்போது, எஞ்சியிருக்கும் குருதியை மூளைக்கும் இதயத்துக்கும் காப்பாற்றிக் கொடுப்பதற்காக உடல் கைகால்களின் நுண்கலன்களை இறுக்குகிறது. அதனால் கீழெண் ஏறுகிறது, மேலெண் கடைசி வரை விழாமல் நிற்கிறது, பாதங்கள் குளிர்கின்றன. மேலெண் விழுவதைக் கண்ட பிறகு வைத்தியரை அழைக்கலாம் என்று காத்திருப்பவர், உடல் தன் கடைசிக் கையிருப்பையும் செலவழித்து முடியும் வரை காத்திருக்கிறார்.

அடுத்தது நாடித்துடிப்பு 84. அவர் பிறஷருக்குக் குளிசை எடுப்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எந்தக் குளிசை என்று கிளினிக் கொப்பியைப் பிரித்துப் பார்த்தீர்களா? அற்றெனோலோல், பைசொப்ரலோல் போன்ற மருந்துகள் இதயத்தின் வேகத்தைக் கட்டிவைப்பவை. வேறொருவருக்கு 120 வரை ஏறியிருக்கக்கூடிய நாடி, அவற்றை எடுப்பவருக்கு 80 சொச்சத்திலேயே நிற்கலாம். அதே கொப்பியில் அவருடைய வழக்கமான குருதி அமுக்கமும் மாதா மாதம் எழுதப்பட்டிருக்கும். கிளினிக்கில் எப்போதும் 150/85 உள்ள ஒருவருக்கு 110 என்பது பெரிய சரிவு. நோயாளியின் இன்றைய எண்ணை நூலில் உள்ள சராசரி எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன்னர், அவருடைய சொந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். வன்னியில் கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு கொண்டுவராத முதியவர் அரிது. பல விடுதிகளில் அது பிரிக்கப்படாமலே கட்டில் அருகில் உள்ள அலுமாரியில் கிடக்கிறது.

காய்ச்சல் விட்டதும் வீட்டார் மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மகிழ்வது இயல்பு. தாதிக்கு அது எச்சரிக்கை மணி. டெங்குவில் நீர்ப்பாயம் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கிறது. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குவதும் அக்கட்டம் நெருங்குவதைக் காட்டும். ஆய்வுகூடம் இல்லாத இரவில் அதற்குப் பதிலாக உங்கள் கையில் இருப்பவை ஒரு மணிக்கூடும் சிறுநீர் அளக்கும் சாடியும். உங்கள் கடிதத்தில் சிறுநீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீற்றர் என்பது குறைந்த எல்லை. 50 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 25 மில்லிலீற்றராவது கழிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு அவர் சிறுநீர் கழித்தாரா என்று மனைவியிடம் கேட்டிருந்தால், அந்த ஒரு பதிலே வைத்தியரை எழுப்பப் போதுமான காரணமாக இருந்திருக்கலாம்.

மூச்சைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. இதை உங்கள் மேல் மட்டும் சுமத்தமாட்டேன். விடுதிகளில் மிக அதிகமாக ஊகித்து எழுதப்படும் எண் சுவாச வீதம்தான். எத்தனையோ பதிவேடுகளில் எல்லா நோயாளிகளும், எல்லா வேளைகளிலும், நிமிடத்துக்கு 18 தரமோ 20 தரமோ மூச்சு விடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விடயம், ஏனெனில் குருதி அமுக்கம் விழுவதற்குப் பல மணி நேரம் முன்னரே மூச்சு மாறிவிடுகிறது. நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்தபடி, நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய, ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஆபத்துக்கேற்பப் புள்ளி இடும் முன்னெச்சரிக்கைப் புள்ளி முறையில் 12 முதல் 20 வரையே குற்றமற்ற வீதம். 25ஐ எட்டினால் அந்த ஒன்றுக்கே உச்சப் புள்ளியான மூன்று கிடைக்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட முக்கியமான ஒன்று, புதிதாகத் தோன்றும் மனக்குழப்பம். அதற்கும் மூன்று புள்ளி. தனியொரு அளவீட்டில் மூன்று வந்தாலே வைத்தியர் அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பது அம்முறையின் விதி.

"இவர் இப்பிடிப் புறுபுறுக்கிற ஆள் இல்லை" என்ற அந்த அம்மாவின் வார்த்தையை இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய குழப்பம் எது, பழைய சுபாவம் எது என்பதை உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்தவர் மட்டுமே. ஆகவே அந்த வாக்கியம் ஓர் அளவீடு; நோயாளியின் விடுதிப் பதிவேடான பி.எச்.ரி. தாளில், நேரம் குறித்து, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட வேண்டியது.

ஒட்சிசன் 98 வீதம் என்று காட்டியது உங்களுக்கு ஆறுதல் தந்திருக்கலாம். விரலில் மாட்டும் அந்தக் கருவி நல்ல கருவிதான். ஆனால் குளிர்ந்த விரலிலும் மருதாணி இட்ட விரலிலும் அதன் வாசிப்பைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருவியால் கண்டுபிடிக்கப்படாமல் போகும் ஒட்சிசன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. நம்முடைய நோயாளிகளில் பெரும்பாலானோர் கருந்தோல் உடையவர்கள் என்பதால், எல்லைக்கோட்டில் உள்ள 92, 93 போன்ற எண்களை நாம் தாராளமாக நம்பக்கூடாது. தாதியியல் பாடநூல்களில் பல வெளிர்தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "நீலம் பாரித்தல்" என்று அவை சொல்வதை நம் நோயாளியின் முகத்தில் தேடாமல் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் தேடுங்கள். படுக்கைப்புண்ணின் முதற்கட்டம் "சிவத்தல்" என்று படித்திருப்பீர்கள். கருந்தோலில் அது சிவப்பாகத் தெரியாது. இடுப்பின் கீழும் குதிக்காலிலும் புறங்கையை வைத்து, அயலிலுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுகியோ இருக்கிறதா என்று தடவித்தான் அறிய வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "எனக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது, டொக்டர்" என்று மட்டும் சொன்னால், நித்திரையிலிருந்து எழும்பிய ஒருவருக்கு அதில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. மனதில் அவ்வாறு பட்ட உடனே தொலைபேசியை எடுக்காமல், கட்டிலடிக்குத் திரும்பிப் போய் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். விரல்நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விட்டு, நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கிறதா என்று பாருங்கள். பாதத்தைத் தொட்டு, குளிர் எந்த இடம் வரை ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். கடைசியாகக் கழித்த சிறுநீரின் நேரத்தையும் அளவையும் கேளுங்கள். கிளினிக் கொப்பியைப் பிரியுங்கள். இவற்றைச் செய்து முடிக்கும்போது, மனதில் புகையாக இருந்தது சொல்லக்கூடிய ஒன்றாகத் திரண்டுவிடும். பிறகு நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் வேண்டுகோள் என்ற ஒழுங்கில் பேசுங்கள். அன்றிரவு நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "டொக்டர், ஆண்கள் விடுதியில் 64 வயது நோயாளி, நான்காம் நாள் காய்ச்சல், மாலை ஐந்து மணிக்குக் காய்ச்சல் விட்டது. அமுக்கம் 110க்கு 88, வித்தியாசம் 22. கிளினிக்கில் வழக்கமாக 150. பாதம் குளிர்ந்திருக்கிறது, ஆறு மணிக்குப் பிறகு சிறுநீர் இல்லை, அமைதியில்லாமல் இருக்கிறார். டெங்கு கசிவுக் கட்டம் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்." அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பேச்சு இது. இதற்கு யாராலும் "எல்லாம் நோர்மல்" என்று பதில் சொல்ல முடியாது.

கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்கே நம் தாதியர் மிகவும் தயங்குகிறார்கள். தகவலைக் கொடுத்துவிட்டு, முடிவை எதிரில் உள்ளவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறோம். "வந்து பார்க்க வேண்டும்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவர் வராமல் தொலைபேசியில் மருந்து மட்டும் சொன்னால், எத்தனை மணிக்கு மீண்டும் அறிவிக்க வேண்டும், எந்த எண்ணில் கட்டாயம் எழுப்ப வேண்டும் என்று கேட்டு, பதிலை நேரத்தோடு எழுதிவையுங்கள். வன்னிக்கு வரும் வைத்தியர்களில் சிங்களம் பேசுபவர்களும் பலர். அவர்களிடம் மொழி தடுமாறும் வேளையில் இந்த ஒழுங்கும் எண்களும் உங்களுக்கு இன்னும் பெரிய துணையாகும். பேச்சு வாங்கிய அனுபவத்தைப் பொறுத்தவரை, அந்த வைத்தியர் பேசியது முறையல்ல என்றே நான் நினைக்கிறேன், ஏனெனில் ஒரு கோபமான பதில், அடுத்து வரும் பல இரவுகளில் பல தாதியரின் வாயை அடைத்துவிடுகிறது. விடுதிப் பொறுப்புத் தாதியிடம் இதை முறையாகத் தெரிவியுங்கள். தெரிவித்த பிறகும், வீணாக அழைத்தேன் என்ற பழியை ஏற்றுக்கொள்ளும் துணிவு உங்களிடம் இருக்கத்தான் வேண்டும்.

"அனுபவத்தில்தான் வரும்" என்று உங்கள் மூத்த தாதி சொன்னதில் பாதிதான் சரி. தாதியர் தேர்ச்சி பெறும் விதத்தை 1980களில் ஆராய்ந்த அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பற்றீசியா பென்னர், புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், தேர்ந்தவர் முழு நிலைமையையும் ஒரே பார்வையில் உணர்வதையும் ஐந்து படிகளாக விளக்கினார். வரம்பில் நின்றபடியே பயிருக்கு நீர் போதவில்லை என்று சொல்லிவிடும் கமக்காரரைப் போன்றது அந்தப் பார்வை. அவரை நிறுத்திக் கேட்டால் இலையின் சுருளையும் மண்ணின் நிறத்தையும் காட்டுவார். ஆனால் வருடங்கள் கழிவதால் மட்டும் அது வந்துவிடுவதில்லை. தான் நினைத்தது சரியா பிழையா என்று பிறகு போய்ப் பார்ப்பவருக்கே வருகிறது. நீங்கள் மேல் வைத்தியசாலைக்கு அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நடந்தது என்று மறுநாள் தொலைபேசியில் கேளுங்கள். நோயாளியின் பெயர் எழுதாத ஒரு கொப்பியில், எதைக் கண்டேன், என்ன நினைத்தேன், முடிவு என்ன என்று மூன்று வரி எழுதுங்கள்.

அந்தக் கொப்பியில் இந்த மண்ணுக்கே உரிய நோயாளிகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். பேராதனையிலோ கொழும்பிலோ பயின்றவருக்கு அதிகம் கிடைக்காத பாடங்கள் அவை. ஒன்று, 2009ஆம் ஆண்டுடன் முடிந்த போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குக் கீழே உணர்விழந்து வாழ்பவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் "தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது" என்று வியர்த்த முகத்தோடு வந்தால், பனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவருக்கு, உணர்வில்லாத பகுதியில் ஏற்படும் ஓர் உறுத்தல் குருதி அமுக்கத்தைச் சடுதியாக ஏற்றிவிடும். மூளையில் குருதிக்கசிவு வரை அது போகலாம். அவர்களுடைய வழக்கமான மேலெண் பெரும்பாலும் 90க்கும் 110க்கும் இடையில் இருப்பதால், 140 என்பது பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் அவருக்கு ஆபத்து. உடனே நிமிர்த்தி இருத்தி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, உடையைத் தளர்த்தி, சிறுநீர் வடியும் கதீற்றர் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பைதான், அடுத்தது மலச்சிக்கல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அமுக்கத்தை அளந்தபடியே வைத்தியரை அழையுங்கள்.

மற்றையது பாம்புக்கடி. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்றோ, விழுங்க முடியவில்லை என்றோ வந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டு விரியனை நினையுங்கள். அதன் கடி வலிக்காமலே போகலாம். மேலே பார்க்கச் சொல்லி இமை தொங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று குறித்து, திரும்பத் திரும்ப எண்ணச் செய்யுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் சுவாசத் தசைகள் சோர்கின்றன என்று பொருள். ஒட்சிசன் கருவி அதை மிகவும் பிந்தித்தான் காட்டும். புடையன் என்று ஊரில் சொல்லும் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு, சவர்க்காரம் படாத, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் குருதியை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சரித்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை என்பதற்கான சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு பிழைக்கும்.

இடமாற்றம் பற்றிய கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். அந்த இரவுக்குப் பயந்து போக நினைத்தால் போகாதீர்கள். பெரிய வைத்தியசாலையிலும் இரவு இருக்கிறது, அங்கே ஒருவரின் பொறுப்பில் உள்ள கட்டில்களும் அதிகம். கற்றுக்கொள்ளப் போக விரும்பினால், இடமாற்றத்துக்குப் பதிலாக, வவுனியாவிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ டெங்கு நோயாளர்களை மணிக்கு மணி கண்காணிக்கும் விடுதியில் சில வாரங்கள் இணைந்து பயில அனுமதி கேட்டு எழுதுங்கள். திரும்பி வரும்போது உங்கள் விடுதிக்கே அது பயன்படும். குடும்பக் காரணம் எதுவும் இருந்தால் அது வேறு விடயம். அதை நீங்கள் எழுதவில்லை.

காலபோக விதைப்புக்கு முன்னர், மழை தொடங்கி டெங்குவும் எலிக்காய்ச்சலும் கூடுவதற்கு முன்னர், ஒரு காரியத்தைச் செய்துவிடுங்கள். எந்தெந்த நிலையில் இரவில் வைத்தியரைக் கட்டாயம் எழுப்ப வேண்டும் என்பதைப் பொறுப்புத் தாதியும் வைத்தியரும் கூடிப் பேசி, ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்ட வேண்டும். சுவாச வீதம், மேலெண், டெங்கு நோயாளியில் இரு எண்களின் வித்தியாசம், சிறுநீரின் அளவு, புதிய குழப்பம் ஆகியவற்றுக்கு எல்லைகள் அதில் இருக்கட்டும். கடைசி வரியாக, "மேலுள்ள எதுவும் இல்லாவிட்டாலும் தாதிக்கு நோயாளியைப் பற்றிக் கவலை இருந்தால்" என்பதையும் சேர்க்கக் கேளுங்கள். இது புதுமையான கோரிக்கை அல்ல. சிட்னியின் லிவர்பூல் வைத்தியசாலையில் 1990இல் தொடங்கிய, அழைத்ததும் ஒரு குழு கட்டிலடிக்கே விரைந்து வரும் அவசர மருத்துவக் குழு முறையைப் பின்பற்றும் வைத்தியசாலைகளில், பணியாளரின் கவலையே அழைப்புக்குப் போதிய காரணமாக எழுத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது. தாளில் வைத்தியரின் கையொப்பமும் திகதியும் இருக்க வேண்டும். நம் பகுதியில் வைத்தியர்கள் அடிக்கடி மாறுவதால், புதியவர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே அவரிடமும் அதை வாசிக்கக் கொடுத்து ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.